எம் வரைக்கும்

முதல் நாள் அதை ஊர்ப்பெயர் என்றே நினைத்தேன்.
கண்டனூர், பள்ளத்தூர், போன்ஷூர்.
காரைக்குடியிலிருந்து எந்த பஸ் என்று
வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு
துண்டுகளை நீட்டினேன்.

கானாடுகாத்தானில் ஓட்டலாகிவிட்ட ஒரு பெரிய வீட்டில்
எனக்கு எட்டு அறைகள், பதினாறு தலையணைகள்.
வைஃபை இரண்டாம் கட்டோடு நின்றுவிடும்.
துணி காயப்போடும் மூன்றாம் கட்டில்
என் சொந்த ஒன்றரை ஜிபி;
வினைச்சொல் பாதியில் சுற்றிச் சுற்றி நின்றுபோகும்.
அதற்கப்புறம் குப்பைக்கூடைதான்:
ஷாம்பு பாட்டில், ரயில் டிக்கெட்,
பாதி நிரப்பிய குறுக்கெழுத்து,
மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்த தாள்.

நான் முழுதாய்ப் படித்த முதல் வாக்கியம் அந்தத் தாளில் இருந்தது.
குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.
மூன்று நாள் பிடித்தது.
பெருக்கும்போது சொன்னேன், கொசுவலை முடியும்போது சொன்னேன்,
வாளிக்குள் தலைவிட்டுச் சொன்னால்
அந்த 'ர' கொஞ்சம் சரியாக வந்தது.

அகராதி, காரைக்குடியில் எடைக்கு வாங்கியது.
பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வரைதான் அது போகும்,
அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்துத்
தமிழுக்கு நானே வரவேண்டும்.
எம் எழுத்தோடு கரையான் முடித்துவைத்திருந்தது.
எம்முக்கு அந்தப்பக்கம்
அவர்களுக்கு என்னென்ன இருக்கிறதோ.

நாற்காலி பெண்ணாம். கட்டில் ஆணாம்.
எனக்கு இரண்டும் துடைக்க வேண்டிய அஃறிணை.
எண்பதை நாலு இருபது என்கிறார்களே என்று சிரித்தேன்;
நூறே வராத தொண்ணூறுக்குள்
நூறு எப்படி வந்தது என்று
அன்றைக்குத்தான் யோசித்தேன்.
சோலையழகு என்ற என்னைச் சொலையலகு என்பார்கள்.
அழகு போய் அலகு.
போகட்டும், அவர்கள் சொற்களுக்கு நான் செய்வதைவிடக்
குறைவுதான்.

மாசியில் ஐந்தாம் அறைக்கு வந்தவர்கள் அதிகம் பேசவில்லை.
ஆத்தங்குடிக்குப் போய் ஒரே ஒரு கல் வாங்கி வந்தார்கள்,
பூப்போட்டது, செய்தித்தாளில் சுற்றி.
சாயந்திரம் முற்றத்தில், நான் விளக்கின் கீழ் விரிப்பு மடிக்க,
தூணோடு தூணாக என்னையும் எண்ணிக்கொண்டு
அந்தப் பெண் அவரிடம் சொன்னாள்.
குழந்தைகள் என்பது புரிந்தது.
சொல்லாதே என்பது புரிந்தது.
நடுவில் ஒரு சொல், இரண்டு தடவை: ரெஷூத்.
அவர் அந்தக் கல்லை எடுத்தார், திரும்பக் கீழே வைத்தார்.

ராத்திரி அகராதியை எடுத்தேன்.
ஆர் எங்கே இருக்கும், கரையான் வயிற்றில்.

காலையில் கிளம்பும்போது கேட்டாள்,
உனக்கு பிரெஞ்சு தெரியுமா?
தெரியாது என்றேன்.
பிரெஞ்சிலேயே சொல்லித் தொலைத்தேன்.
அவள் என்னைப் பார்த்த பார்வை
காருக்குள் ஏறிய பிறகும் கதவோரம் நின்றது.

புரட்டாசியில் வேறு யாரோ, இரண்டாம் அறை.
கூடையில் வேறொரு மாத்திரைத் தாள்.
எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்தவள்
ஒரு வரியில் நின்றேன்.
முன்னால் காய்ச்சல், பின்னால் 'குணமானபின்',
அதற்கும் பின்னால் 'மறுபடி',
நடுவில் அதே சொல், இப்போது எழுத்தோடு.

விரிப்பை உதறினேன்.
ஐந்தாம் அறையில் அன்று ஆளில்லை,
ஆனாலும் தலையணை இரண்டையும்
வெயிலில் வைத்து எடுத்தேன்.
அகராதியின் கடைசித் தாளுக்குப் பின்னால்
வெள்ளைக் காகிதம் ஒட்டி,
முதல் சொல்லாக அதை எழுதியிருக்கிறேன்.
ஆணா பெண்ணா என்று இன்னும் தெரியவில்லை.