ஞாயிறு இரவின் நுரை

பிராண்டனில் ஹாக்கிப் போட்டிகள் முடிந்த ஞாயிறு.
யார் வென்றார்களோ, எனக்குத் தெரியாது.
பத்தரை மணிக்கு
இரண்டாம் தொட்டியின் கைப்பிடிக் கம்பியைத் தாண்டி
நுரை எட்டிப் பார்த்தபோது
ஊரே சட்டை துவைக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

முழங்கால் உயரம், பிறகு இடுப்பு.
காற்று ஒரு கட்டியைப் பிய்த்து
ஓரெஸ்ட்டின் டிரக் மேல் வைத்தது.
பனிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்றால்
முகர்ந்து பார்க்கச் சொல்வேன்:
லாவெண்டர்.

"ஊற்றவா?" என்றான், கையில் நுரையடக்கி வாளி.
பொறு என்றேன்.
அது நுரையைத்தான் அடக்கும்.
உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்,
விருந்தாளி வந்ததும் சண்டையை ஒத்திப்போடும் வீடுபோல.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், சவுக்காரம்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
தலை நீரோடு, வால் எண்ணெயோடு.
யாரோ ஒரு பையனின் முழங்கை வியர்வையை
வாலில் கட்டி இழுத்துக்கொண்டு
ஆறு கிலோமீட்டர் குழாயில் வந்திருக்கிறது.
வேலை முடிந்தது.
போகச் சொல்ல ஆளில்லை.

இங்கே ஒரு துளியில் கோடி வாய்.
வாலின் நுனியில் தொடங்கும்,
இரண்டிரண்டு கார்பனாக,
நுனியிலிருந்து கரும்பு தின்பதுபோல.
ஆனால் இந்தக் கரும்பு போகப் போகக் கசக்கும்.
அடியில் ஒரு வளையம்;
அதை உடைக்க வேறொரு வாய் வரவேண்டும்.

பழைய கையேட்டில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்:
டம்ளரில் பியர்போல நுரை ததும்ப
வெறும் குழாய்த் தண்ணீர்.
அந்தக் காலத்து வால் கிளை விட்டிருந்தது.
எந்த வாய்க்கும் பிடி கிடைக்கவில்லை.
பிறகு வாலை நேராக்கினார்கள். அவ்வளவுதான்.

இன்றைய குறை வாலில் இல்லை, மார்ச்சில்.
பனி உருகி உள்ளே புகுந்து
தொட்டி ஒன்பது பாகை.
என் விரல்களைப்போல அவையும் மெதுவாகத்தான் மடங்கும்.
காற்றைக் குறைத்தேன், மூச்சு முட்டாத அளவுக்கு.
அடிச் சேற்றை முன்னே திருப்பிவிட்டேன்,
பசித்தவர்களைப் பந்திக்கு அனுப்புவதாக.

மூன்று மணிக்கு வெளிநீரில் மாதிரி எடுத்து
நீலச் சாயம் விட்டுக் குலுக்கினேன்.
எவ்வளவு சவுக்காரமோ அவ்வளவு நீலம்
அடியில் குளோரோஃபோமுக்குள் இறங்கும்.
கருநீலம்.
ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு,
அல்லது என் கண் அசந்திருக்கலாம்.
ஓரெஸ்ட் வாளியின் மூடியைத் திறந்தான், மூடினான், திறந்தான்.

ஏழுக்கு, கழுவித் துடைத்த வானம்போல ஏதோ ஒரு நீலம்.
அசினிபோயினுக்குப் போகும் வாய்க்காலில்
ஒரு வாத்து
எதையும் சந்தேகிக்காமல் தலையை முக்கியது.

ஓரெஸ்ட் டிரக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
"என் பையன் அரையிறுதியில் தோற்றான்," என்றான்.
"சட்டையில் அப்படியொரு நாற்றம்.
வேலைக்கு வரும் முன்
மூன்று மூடி ஊற்றிவிட்டு வந்தேன்."