இருநூறு கிராமுக்கு மேற்படாத

கோத்தகிரியில் ஐப்பசி.
ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவது காற்றல்ல.
மேசைமேல் உள்ளங்கை அளவில் ஒரு துணி வட்டம்,
வெளிர்நீலம், சாதா நெசவு, சாயம் ஏற்றியது,
பருத்தி அறுபது, பாலியஸ்டர் நாற்பது.
தராசு சொல்கிறது: இரண்டு கிராமும் சொச்சமும்.
அந்தச் சொச்சத்துக்குத்தான் எனக்குக் கூலி.

தூத்துக்குடியிலிருந்து மச்சாது கூப்பிடுகிறார்.
"மேடம், பெட்டி யார்டில் கிடக்கிறது,
நாள் வாடகை ஏறுகிறது.
நாம் எழுதியது ஐம்பத்திரண்டு பத்து.
அதிகாரி ஐம்பத்திரண்டு பதினொன்று என்கிறார்.
அவர் மேசையில் இருநூற்று மூன்று வந்ததாம்."

சதுர மீட்டருக்கு இருநூறு கிராம்.
மேற்படாதது ஒரு தலைப்பு,
மேற்பட்டது அடுத்த தலைப்பு.
நடுவே சுவர் இல்லை, வேலி இல்லை,
ஒரு கரண்டிச் சர்க்கரைகூட இல்லை.

திருப்பூர்க் குப்பண்ணன் அனுப்பிய மாதிரியை
நேற்று வெட்டி நிறுத்தேன்: இரண்டு புள்ளி பூஜ்யம் ஐந்து.
இன்று காலை மஞ்சு விலகிய அரை மணியில்
ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பது.
துணி அதே துணி, தராசு அதே தராசு.
பருத்தி குடித்திருக்கிறது.
பாலியஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து
வாய் நனைக்காமல் பார்த்திருக்கிறது.
"உங்கள் ஊர்க் கடல் காற்று மட்டும் உலர்ந்ததா?" என்றேன்.
மச்சாது பதில் சொல்லவில்லை,
பின்னால் ஒரு லாரி ஹாரன் சொன்னது.

இந்த மலைக்கு இதெல்லாம் புதிதா?
மழை நாளில் இலை மூட்டையைத் தூக்கி வைத்தால்
தராசு முள் நிற்பதற்கு முன்பே
தண்ணிக்கு என்று நாலு கிலோ கழிப்பார்கள்.
என் சின்ன மாமனார் ஹாலன்
கால் கிலோவுக்குச் சண்டை போட்டு
ஒற்றைச் செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு வந்தவர்.
துறைமுகத்தில் துணிக்குத் தண்ணி கழிக்க
ஒருவரும் இல்லை.

சோதனை விதி ஓர் அறையை எழுதி வைத்திருக்கிறது.
அங்கே ஈரம் எப்போதும் அறுபத்தைந்து விழுக்காடு.
ஐப்பசி கிடையாது, உப்புக் காற்று கிடையாது.
துணி அங்கே சும்மா படுத்திருந்து
தன் எடைக்குத் தானே திரும்பும்.
எனக்கும் அப்படி ஓர் அறை, என்று தட்டச்சு செய்து
உடனே அழித்தேன்.
மேல்முறையீட்டில் அது சேராது.

இன்னொரு விதி உண்டு, போன வருடம் பயன்பட்டது:
எடையில் பாதிக்குப் பாதி கலந்திருந்தால்
எண் வரிசையில் கடைசியாக வரும் இழையே
மொத்தத் துணிக்கும் பெயர் கொடுக்கும்.
என் மகன் படகுவில் அழுகிறான், தமிழில் பொய் சொல்கிறான்.
கடைசியாக வருவது பொய்தான்.

சாயங்காலம் மச்சாது மறுபடியும்:
"வீட்டில் அடுப்பு இருக்குமில்லையா மேடம்?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
இருக்கிறது. இரண்டு பர்னர்.
காட்டினால் ஒன்று புள்ளி ஒன்பது ஐந்துகூட வரும்.
வேண்டிய எண் வரும்வரை காய்ச்சுவதற்கு
எடை போடுவது என்று பெயரில்லை, சமையல்.

மறுநாள் அரை மீட்டரைக் காகிதத்தில் மடித்து
இரண்டேகால் பஸ்ஸில் கோவை ஆய்வகத்துக்குக் கொடுத்தேன்.
கண்டக்டர் கேட்டார், "என்ன வெயிட் இருக்கும்?"
அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பிறகு இருபது ரூபாய் கூடுதலாகவே கொடுத்தேன்.

இப்போது மேட்டுப்பாளையம் சாலையில்
ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக
அந்தப் பொட்டலம் இளைத்துக்கொண்டு இறங்கும்.
எவ்வளவு இளைக்கும், தெரியாது.
குப்பண்ணனுக்கு வேண்டியது மூன்று கிராம்.
எனக்கு வேண்டியது, அவர்கள் எழுதித் தரும் எண்.
கடிதத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

வெளியே கொடியில் என் சேலை,
மூன்று நாளாய்க் காயவில்லை.
தலைப்பிலிருந்து மட்டும்
சொட்டுகிறது.