பூட்டிய அறை தவிர

ஒப்பந்தத்தின் ஆறாவது வரி:
பூட்டிய அறை தவிர.
மற்றதெல்லாம் எனக்கு,
மாதம் முந்நூற்று இருபது யூரோவுக்கு.
ஓசியெக் நகரம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
ட்ராம் முனை திரும்பும்போதெல்லாம்
அலமாரிக் கண்ணாடித் தம்ளர்கள்
ஒன்றையொன்று தொட்டு விசாரித்துக்கொள்ளும்.

ஆறு பார்த்த வீடு என்றது விளம்பரம்.
வந்த அன்றே ஒவ்வொரு ஜன்னலாய்த் திறந்தேன்.
ஒன்றில் பேக்கரியின் புகைபோக்கி.
ஒன்றில் எதிர்வீட்டு ஆள்
பனியனோடு முட்டை பொரிக்கிறார்.
குளியலறையில் சுவரைப் பார்த்த ஜன்னல்.
த்ராவா எங்கே என்று கேட்கப் போன் செய்தேன்.
"இருக்கிறது, இருக்கிறது" என்றார் லியெர்கா.
அவர் பின்னால் வாக்குவம் கிளீனர் இரைந்தது.

அவர் இருப்பது ஜெர்மனியில், உல்மில்.
இரவில் அலுவலகங்களைத் துடைக்கிறார்.
அங்கே அவருக்கும் ஓர் அறை, அதற்கும் ஒரு வாடகை.
என் பணம் ஐந்தாம் தேதி அவர் கணக்கில் ஏறி
ஆறாம் தேதி இறங்கிவிடும்.
மின்கட்டணம் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது.
தபால்காரர் அந்தப் பெயராலேயே என்னைக் கூப்பிடுகிறார்.
விவாகரத்தில் ஏற்கெனவே ஒரு பெயரைத்
திருப்பிக் கொடுத்தவள் நான்;
திருத்தவில்லை.

பூட்டிய அறைக்குள்
முதல் மாதம் எதையெதையோ வைத்துப் பார்த்தேன்.
கல்யாணப் பீங்கான்கள்.
இறந்த கணவனின் கோட்டுகள்.
ஒரு துப்பாக்கிகூட.
தொண்ணூற்றொன்றின் துளைகள்
படிக்கட்டுச் சுவரில்
வேறு நிறச் சுண்ணாம்போடு
இன்னும் இருக்கும் கட்டடம் இது.
பிறகு அலுத்துப்போய்
அந்தக் கதவின் கைப்பிடியில்
என் குடையை மாட்டினேன்.

ஜனவரி. மைனஸ் பதினொன்று.
கீழ்வீட்டு ப்ரானிமிர் கதவைத் தட்டினார்,
தலையில் துண்டு:
"என் கட்டில்மேல் மழை பெய்கிறது, அம்மணி."
சூடேற்றாத அறையில் குழாய் உறைந்து வெடித்திருக்கிறது.
போனில் லியெர்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னார்:
சாவி உங்களிடம்தான் இருக்கிறது,
உப்பு டப்பாவின் அடியில் ஒட்டி.

எட்டு மாதமாய்த்
தினமும் கையில் எடுத்த டப்பா.

பீங்கான் இல்லை. கோட்டு இல்லை.
தரையில் ஒரு விரற்கடைத் தண்ணீர்,
அதில் நிற்கும் ஒற்றை மர நாற்காலி,
எதிரே ஜன்னல்.
ஜன்னல் கொள்ளாமல் த்ராவா.
கரையோரம் பனிக்கட்டி, நடுவில் கறுப்பாய் ஓட்டம்.
தொங்குபாலத்தில் யாரோ
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

வாளியைக் கீழே வைத்தார் ப்ரானிமிர்.
"என் வீட்டிலும் இதே இடத்தில் ஜன்னல் உண்டு" என்றார்.
"பீரோ வைக்க வேறு சுவர் இல்லை."

பிளம்பர் போனபிறகு லியெர்கா அழைத்தார்.
முழுசையும் வாடகைக்கு விட்டுவிட்டால்
சொந்த ஊருக்கே நான் விருந்தாளி, இல்லையா.
நான் பதில் தேடுவதற்குள் அவரே:
இங்கே டான்யூப் ஓடுகிறது.
வேலை முடிந்து பாலத்தில் நிற்பேன்.
இந்தத் தண்ணீர் என்றைக்காவது
உங்கள் பக்கம் வரும் என்று நினைத்துக்கொள்வேன்.

வராது.
வடக்கிலிருந்து இறங்கும் டான்யூப்
எங்களை எட்டிப் பார்ப்பதில்லை.
ஊரைக் கடந்து, கிழக்கே அல்யமாஷ் பக்கம் போய்
த்ராவாதான் அதில் விழுகிறது.
எங்கள் தண்ணீர் அவர் தண்ணீரைச் சந்திக்கும்போது
இரண்டுக்கும் பின்னால் போய்விட்டது ஓசியெக்.
இங்கே பிறந்தவருக்கு இது தெரியாதா.
"ம்" என்றேன்.

பிப்ரவரி வாடகையில்
பிளம்பர் கூலி எழுபதைக் கழித்துக்கொண்டேன்.
சாவியைத் துடைத்து
உப்பு டப்பாவின் அடியில் ஒட்டினேன்.
குடைக்கு வேறு ஆணி அடித்தாயிற்று.

சில மாலைகளில் திறக்கிறேன்.
நாற்காலி அவருடையது.
நான் நின்றபடி பார்க்கிறேன்.