கச்சான்

காலை ஒன்பது மணிக் காற்று
பதினேழு நொட், இடையிடையே இருபத்தேழு.
பலகையில் மற்ற எல்லாப் பெயர்களுக்கும் மேலே
கோடு போட்டாகிவிட்டது.
டிர்க் ஹோக்ஸ்ட்ரா மட்டும் வந்து நிற்கிறார்,
பீட் வயல் மண் காயாத சப்பாத்தோடு.

ஐம்பத்தெட்டு வயது.
என் அப்பாவைவிட இரண்டு கூட.
போன கிழமை என்னோடு கதைக்காமல் போனவர்:
நிலத்துக்குப் பத்தடி மேலே
அவர் கையிலிருந்து விமானத்தைப் பறித்துவிட்டேன்.
அவசரப்பட்டுத்தான்.
லாக்புக்கில் அதை எழுத
ஒரு கட்டமும் இல்லை.

லெத்பிரிட்ஜில் மலையிறங்கி வரும் மேல்காற்று
முழங்கால் பனியை ஒரே பகலில் தின்னும்,
பிறகும் பசியோடு தகரக் கூரைகளைத் தட்டிப் பார்க்கும்.
எஞ்சின் சூடாகும்வரை கேட்கிறார்,
உங்கள் மொழியில் இதற்குப் பெயர் உண்டா?
உண்டு. கச்சான்.
நிலக்கடலைக்கும் அதுதான் பெயர்.
அவர் சிரிப்பது ஹெட்செட்டுக்குள்
கோது உடைகிற சத்தமாய்க் கேட்கிறது.

வீச்சுக்கும் வீச்சுக்கும் நடுவே பத்து.
அதில் பாதியைக் கூட்டுங்கள்.
அறுபத்தைந்தில் வருவதை எழுபதில் வாருங்கள்.
கணக்கு அவ்வளவுதான்.
மிச்சம் கணக்கில் வராது.

நண்டுபோல் பக்கவாட்டில் இறங்குகிறோம்.
ஓடுபாதை கண்ணாடியின் ஓரத்தில் கிடக்கிறது;
மூக்குக்கு நேரே
யாரோ ஒருவரின் கடுகு வயல்.
இப்போது இடது இறக்கையைக் காற்றுக்குள் தாழ்த்துங்கள்,
வலது காலால் மூக்கை நேராக்குங்கள்,
கை ஒரு பக்கம், கால் மறுபக்கம்,
ஆம், தப்புப் போலத்தான் இருக்கும்.

முதல் தடவை காற்று எங்களைப்
புல்வெளிப் பக்கம் நகர்த்தி வைத்தது.
திரும்பவும் மேலே.
இரண்டாவதில் பாதைக்கு மேல் மிதந்தோம் மிதந்தோம்,
பாதி தூரம் தீர்ந்துபோனது. மேலே.

பிடிக்கும் என் விரலுக்கும் நடுவே
இரண்டு விரற்கடை.
அந்த இரண்டு விரற்கடைக்குத்தான்
எனக்குச் சம்பளம், மணிக்கணக்கில்.
கூடினால் அவர் உடைப்பார்,
குறைந்தால் நான் ஓட்டுவேன்,
அவர் காசில்.

மூன்றாவது.
அதே பத்தடி.
காற்று சட்டென்று கையை எடுத்துக்கொண்டது.
வயிறு மேலே, நாங்கள் கீழே.
என் கை புறப்பட்டுவிட்டது, பொய் சொல்லமாட்டேன்;
ஆனால் அதற்கு முன்னால்
மண்வெட்டிப் பிடித்துத் தடித்த அந்தக் கை
திராட்டிலை முழுதாய்த் தள்ளியிருந்தது.
எஞ்சின் கத்தியது. ஏறினோம்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
கோபுரத்துப் பெண் மட்டும்
மறுபடியுமா என்பதுபோல் ஒரு குரலில்
இடப்பக்கம் சுற்றிவரச் சொன்னாள்.

நான்காவதில்
இடது சக்கரம் மட்டும் தொட்டது,
ஒற்றைக்காலில், கொக்குப் போல,
கொஞ்சநேரம், மெத்தக் கொஞ்சநேரம்.
பிறகு வலது. பிறகு மூக்கு.
அழகென்று சொல்ல முடியாது.
நேராக இருந்தது.

அவர் பெருமூச்சு விட்டுப் பிடியைத் தளர்த்த
இடது இறக்கை மெல்ல எழும்பத் தொடங்கியது.
டிர்க்! கத்தினேன்.
நீங்கள் இறங்கிவிட்டது
காற்றுக்குத் தெரியாது.
பிடியைக் காற்றுப் பக்கம் திருப்பினார்,
கயிறு கட்டும் இடம்வரை
அப்படியே பிடித்தபடி வந்தார்,
மூன்று முடிச்சுப் போடவேண்டிய இடத்தில் ஐந்து.

லாக்புக்கில் எழுதினேன்:
நேரம் ஒன்று புள்ளி மூன்று. தரையிறக்கம் ஒன்று.
எட்டிப் பார்த்து, விலை கூடின இறக்கம் என்றார்.
மூன்றாவது தடவைதான் இன்றைய பாடம் என்றேன்.
தலையாட்டினார். நம்பினாரோ தெரியாது.

வாசலோர மெஷினில் காசு போட்டு
ஒரு பொட்டலம் எடுத்தார்.
கட்சான், என்றார், மெத்தக் கவனமாக.
பாதியை என் உள்ளங்கையில் கொட்ட
உப்புப் பட்டு எரிந்தது.
அப்போதுதான் பார்த்தேன்,
நான்கு நகத்தடம்,
பிறை பிறையாக,
ஒன்றில் கொஞ்சம் இரத்தம்.