பதினான்காவது குரல் பதிவு

வணக்கம். உங்கள் எம்.எல்.ஏ. பெரியநாயகி பேசுகிறேன்.
பின்னால் உறுமுவது ஜெனரேட்டர்.
புதுவயலில் மதியத்திலிருந்து கரண்ட் இல்லை,
மின்வாரியத்தில் சொல்லியாயிற்று.
சொல்லியாயிற்று என்று சொல்வதுதான்
என் வேலையில் பாதி.

முதலில் எண்கள்.
நேற்று தொகுதியில் நாற்பத்தொன்று.
கோட்டையூர் ஒன்பது, பள்ளத்தூர் ஆறு, கண்டனூர் நான்கு,
மிச்சமெல்லாம் காரைக்குடி.
இறப்பு இல்லை என்கிறது தாள்.
சுடுகாட்டில் சீட்டுக் கிழிப்பவர் மூன்று என்கிறார்.
இரண்டையும் வாசித்துவிட்டேன்.
கட்சியிலிருந்து போன் வரும், வரட்டும்.

சட்டமன்றம் மூன்று நாள் கூடியது.
கோட்டையில் இல்லை, கல்யாண மண்டபம் போல ஓர் அரங்கில்,
ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி.
வாசலிலேயே மூக்கில் குச்சி விட்டார்கள்.
கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்து
எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கேட்டார்:
"அதுக்குள்ளேயாம்மா?"

மசோதாக்கள் பத்தொன்பது.
ஏற்போர் ஆம் என்க, என்றார் தலைவர்.
முகக்கவசத்துக்குள் எல்லாச் சொல்லும் ஒரே மாதிரிதான் இருந்தது.
நிறைவேறியது.
நிறைவேறியது.
நகராட்சித் திருத்தத்துக்குக் கடிகாரம் பார்த்தேன்,
நாலு நிமிடம்.
நானும் ஆம் என்றேன். படித்திருந்தேனா என்று கேட்காதீர்கள்.

பள்ளத்தூர் வீட்டு விஷயம் அப்படி முடியவில்லை.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் மறுதெருவில்,
நடுவே நாற்பது அறை, பதினேழு வருஷத்துப் பூட்டு.
நோய் கண்டவர்களைத் தனியே வைக்க
இதைவிட இடம் எங்கே இருக்கிறது?
சாவி பக்கத்து வீட்டிலேயே இருந்தது.
பங்காளிகள்தான் பதினோரு பேர்.
சென்னையில் ஐவர், பினாங்கில் இருவர், சிகாகோவில் மூவர்.
அவரவர் விடியலில் அவரவரைக் கூப்பிட்டேன்.
இங்கே ஓட்டே இல்லாதவர்களிடம்
இப்படிக் கெஞ்சியது இதுதான் முதல் தடவை.

பத்துப் பேர் சரி என்றார்கள்.
பதினோராவது ஆள் அடைக்கப்பன், கோயம்புத்தூர்:
"ஆத்தங்குடிக் கல்லு. அதுல பினாயில் ஊத்துவீகளா?"
ஊத்துவோம் என்றேன்.
வைத்துவிட்டார்.
மூன்றாம் நாள் ராத்திரி ஒரு வரி அனுப்பினார்:
சாமி அறையை மட்டும் பூட்டிக்கொள்ளுங்கள்.
பிறகு இன்னொரு வரி:
வெந்நீர் போடப் பின்கட்டில் பெரிய அண்டா கிடக்கும்.

நாளைக்கு அங்கே இருபத்திரண்டு கட்டில்.
திறப்பு விழா கிடையாது. மாலை வேண்டாம்.
வீட்டில் ஆக்சிமீட்டர் சும்மா இருந்தால் கொண்டுவாருங்கள்.

தேவசகாயம் விரலைக் காட்டுகிறார், இன்னும் ஒரு நிமிடம்.
இந்த இடத்தில்தான் மூன்று தடவை அழித்துவிட்டு
மறுபடி ஆரம்பித்தேன்.

கேள்வி எண் 2114.
ராயப்பன், தூய்மைப் பணியாளர், வயது நாற்பத்தாறு.
சோடியம் ஹைப்போகுளோரைட் டிரம்மை முதுகில் கட்டிக்கொண்டு
உங்கள் தெரு எல்லாவற்றிலும் நடந்தவர்.
முன்களப் பணியாளருக்கான நிவாரணம்
அவர் குடும்பத்துக்கு உண்டா என்று கேட்டேன்.
பதில் சொன்னவர் என் கட்சி அமைச்சர்தான்.
ஒப்பந்தப் பணியாளர் என்பதால்
ஒப்பந்ததாரரிடம் விளக்கம் கோரப்பட்டுள்ளது.
கேள்வி நேரம் முடிந்தது.
எழுந்து நின்றேன். மைக் அணைந்திருந்தது.
கொஞ்ச நேரம் நின்றேன்,
பிறகு உட்கார்ந்துவிட்டேன். அதையும் சொல்ல வேண்டும்.

ஸ்டெல்லா, இதைக் கேட்கிறீர்களா, தெரியவில்லை.
உங்கள் மனு என் பையில்தான் இருக்கிறது,
மருந்துச் சீட்டோடு சேர்த்து மடித்தது.
அடுத்த கூட்டம் எப்போது என்று அறிவிக்கவில்லை.
அறிவித்தால் முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்.

மற்றபடி:
ரேஷன் டோக்கன் இந்த வாரம் பச்சை நிறம்.
பழைய மஞ்சளைக் கொண்டுவந்து சண்டை போடாதீர்கள்.
செக்காலைப் பக்கம் வியாழக்கிழமை தண்ணீர் வரும்,
காலை ஐந்திலிருந்து ஆறு வரை.
குடத்துக்குக் குடம் இடைவெளி விட்டு
நில்லுங்கள். குடம் இல்லை, நீங்கள்.
கரண்ட் வந்துவிட்டது போலிருக்கிறது.
இல்லை, பக்கத்துக் கடையில் மட்டும்