மூலகாரணம்: ஆராயப்படுகிறது

சோஹார் துறைமுகச் சாலையில்
அலுமினியக் கம்பி இழுக்கும் ஆலை எங்களுடையது.
வெளியேறும் வாசலில், மேற்பார்வையாளர் மேஜையருகே
பொத்தான்களில் மூன்று முகங்கள்.
பச்சை சிரிக்கும். மஞ்சளுக்கு நேர்வாய்.
சிவப்பின் உதடு கவிழ்ந்திருக்கும்.
வேலை முடிந்தவர் ஒன்றை அழுத்திவிட்டுப் போகவேண்டும்.
மனிதனை மையத்தில் வைத்திருக்கிறோம் என்பதற்குத்
தலைமையகம் கேட்கும் அத்தாட்சி அது.

டன் கணக்கு, நின்ற நிமிடம், கழிவுக் கம்பி,
கிலோவுக்கு எரிந்த மின்சாரம்
எல்லாம் இயந்திரமே எனக்குச் சொல்லிவிடும்.
கடைசிக் கட்டம் மட்டும் ஆட்கள் சொல்வது.
மனநிறைவு: தொண்ணூற்றாறு சதம்.
ஒன்றரை வருடமாய் அதே தொண்ணூற்றாறு.
உருளைக் கூடம் ஐம்பத்திரண்டு டிகிரியில் காய்ந்த
ஜூலையிலும்.

ஏனென்று எனக்குத் தெரியும்.
மஞ்சளைத் தொட்டால் கலந்துரையாடல், இருபது நிமிடம்.
முகாம் பஸ் ஆறு பத்துக்கு.
அடுத்தது எட்டரைக்கு.
உலையடியில் நிற்கும் நயினா முகம்மது சொன்னார்:
"பச்சைன்னா பஸ்ஸு மேடம். வேற ஒண்ணுமில்ல."

ஆகஸ்ட் இரண்டாம் வாரம்
எண் ஐம்பத்தொன்பதுக்கு விழுந்தது.
மஸ்கட்டிலிருந்து ஒரு போன், பிறகு மூன்று.
எந்த ஷிஃப்ட், என்ன குறை, மூலகாரணம் என்ன,
வியாழனுக்குள் அறிக்கை.

பதிவைப் பிரித்துப் பார்த்தேன்.
ஒரே நிமிடத்தில் சிவப்பு நாற்பத்தொன்று,
அதிகாலை இரண்டு நாற்பதுக்கு.
ஷிஃப்ட் மாறும் நேரமே இல்லை அது.

அன்றிரவு காத்திருந்தேன்.
நூருல் வந்தான், புதிதாய்ச் சேர்ந்த துப்புரவாளன்.
நீலத் துணியில் மருந்து தெளித்துத் துடைத்தான்.
பச்சைக்கு ஒரு தடவல் போதும்,
விரல்கள் பட்டுப்பட்டு அது பளபளப்பாகவே இருந்தது.
சிவப்பில்தான் தூசி,
உலோகத்தூளும் கடல் உப்பும் அப்பிய தூசி.
யாரும் தொடாத அந்த முகத்தை
விட்டுவிட்டு அழுத்தி,
வட்டம் வட்டமாய்த் தேய்த்தான்.

நான் எழுதத் தொடங்குமுன்னே
குளிர்நீர் இயந்திரம் வந்திறங்கியது.
ஆறே முக்காலுக்கு இன்னொரு பஸ்.
வியாழன் மாலை, மூலகாரணம் என்ற கட்டத்தில்
'ஆராயப்படுகிறது' என்று எழுதினேன்.
பொய்யில்லை. ஆராய்ந்துகொண்டுதான் இருந்தேன்,
நூருல் தந்த டீயைக் குடித்தபடி.

துடைக்குமுன் ஸ்விட்சை அணைக்க
அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று.
செப்டம்பர் எண் எழுபத்தொன்று.
முதல்முறையாய் எனக்கே நம்பமுடிந்தது.
பன்னிரண்டு புள்ளி முன்னேற்றம் என்று
மஸ்கட் பாராட்டி மெயில் போட்டது.

நேற்று நயினா
கொஞ்சம் தயங்கிச் சிவப்பை அழுத்தினார்.
உட்காரவைத்துக் கேட்டார்கள்.
இருபது நிமிடமும் கையுறையைப் பற்றியே பேசினாராம்:
எல்லார் கைக்கும்
ஒரே அளவுதான் வருகிறது என்று.