ஏழு டன்

பஹாவ் பசார் ரோட்டில்
கைப்பேசி பழுது பார்க்கும் என் கடைக்கு
பல் டாக்டர் கிளமென்ட்
ஒரு டீசல் எஞ்சினைக் கைக்குட்டையில் சுற்றி
எடுத்து வந்தார்.
"ஓடுது. ஆனா ஊமை."

உள்ளங்கை நீளம்தான். மூடியைக் கழற்றினால்
உள்ளே முழுக்க ஈயக்கட்டி.
ஸ்பீக்கருக்கு இடம் வேண்டுமே.
பல் குடையும் கருவியாலேயே
அவர் ஈயத்தைக் குடைந்தார்,
'வலிக்குதா' என்று கேட்காத குறை.

நான் பற்றவைத்தேன்.
சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு,
ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு,
ஊதா இரண்டும் குரலுக்கு.
பழுதுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஒருவரின்
கைப்பேசி ஸ்பீக்கர் அது,
யார் யாருடைய ஏச்சைச் சுமந்ததோ.
வெறுமனே விட்டால் கொசு.
சின்னப் பெட்டிக்குள் வைத்து
ஓரமெல்லாம் பசை பூசினேன்.
அடிவயிறு வந்தது.

இனி எண்கள்.
"ரயில் மாதிரி இருக்கணும்," அவ்வளவுதான் சொன்னார்.

நான் ரயில் ஏறியதே இல்லை.
எனக்குத் தெரிந்த டீசல்
தணிகை ஓட்டும் செம்பனை லோரி.
காலியாக வந்தால்
தெருமுனையிலேயே தகரம் சிரிக்கும்.
ஏழு டன் குலையோடு ஆலை மேட்டில் நின்றால்
முதலில் சத்தம்,
ஒரு மூச்சு,
அப்புறம்தான் சக்கரம்.

அந்த மூச்சைப் பிடிக்க மூன்று இரவு.
நாற்பது வைத்தேன், அவசரக்குடுக்கை.
தொண்ணூறு, சோம்பேறி.
அறுபத்து நான்கில்
உறுமி, யோசித்து, நகர்ந்தது.
தணிகை சோற்றில் கைவைத்தபடியே
"ரெண்டாம் கியர் போடு" என்றார்,
யாரிடம் என்று தெரியவில்லை.

டாக்டர் காதோரம் வைத்துக் கேட்டார்.
"அருமை. ஆனா இது ரயில் இல்லையே.
லோரி."
கூலியைக் குறைப்பாரோ என்று பார்த்தேன்.
தண்டவாளக் கேட்டில் நின்று பதிந்ததை
எனக்குப் போட்டுக் காட்டினார்:
அத்தனை பெட்டி இழுத்தும்
சலிப்பே இல்லாத ஒரே குரல்.
சரி, அவருடைய எஞ்சின்.

எல்லா எண்ணையும் மாற்றிக் கொடுத்தேன்,
ஒன்பதாம் பொத்தானைத் தவிர.
அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவுமில்லை.

போன வாரம் கடைவாய்ப் பல்லுக்குப் போனேன்.
நாற்காலி சாய்ந்து, வாய் அகலத் திறந்து,
நாக்கு மரத்துக் கிடக்கும்போது
கருவியைக் கையில் எடுத்துக்கொண்டே
அவர் நிதானமாகக் கேட்டார்:

"அந்த ஒன்பது?"